கழன்றுவிடும் பெப்டைடு எப்படித் துல்லியமான படம் தரும்?

உயிர்வேதியியல் முதுகலை படிக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: “செல்லுக்குள் இருக்கும் ஆக்டின் இழைகளைப் படமெடுக்க ஆன்டிபாடி இருக்கிறது, ஃபலாய்டின் இருக்கிறது. இரண்டும் இறுகப் பிடிப்பவை. அப்படியிருக்க, ஒரு நொடிகூட ஒட்டி நிற்காத பெப்டைடுகளை வைத்து மீநுண் பகுதிறன் படம் எடுப்பதாகப் படித்தேன். பிடிப்பே இல்லாத ஒன்று மங்கலான படத்தைத்தானே தரும்? எங்களைப் போன்ற கல்லூரி ஆய்வகத்தில் இதைச் செய்து பார்க்க முடியுமா?”

அந்தப் பெப்டைடு, அதாவது சில அமினோ அமிலங்கள் கோத்த குட்டிச் சங்கிலி, கழன்றுவிடுவதால்தான் படம் துல்லியமாகிறது. இதை ஒப்புக்கொள்ள முதலில் மனம் வராது. ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் வேறு வழியில்லாமல் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும். அந்தக் கணக்கைக் கொஞ்சம் நிதானமாகவே போடுகிறேன். செய்தியாகப் படிக்கும்போது வியப்பாகத் தோன்றும் இந்த முறை, எண்களை வைத்துப் பார்க்கும்போதுதான் பிடிபடுகிறது.

சிக்கல் ஒளியில் தொடங்குகிறது. எவ்வளவு நல்ல லென்சாக இருந்தாலும் விளிம்பு விளைவு காரணமாக ஒரு புள்ளி புள்ளியாகத் தெரியாது, சுமார் 200 நானோமீட்டர் அகலமுள்ள திட்டாகவே தெரியும் என்பதை எர்ன்ஸ்ட் அபே 1873-லேயே சொல்லிவிட்டார். செல்லுக்கு வடிவம் தரும் புரத நூலான ஆக்டின் இழையின் குறுக்களவு ஏறக்குறைய 7 நானோமீட்டர். ஒரு திட்டுக்குள் பல இழைகள் அடங்கிவிடும். திருவிழாக் காலத்தில் கோபுரத்தில் போடும் சீரியல் விளக்குகளை ஊருக்கு வெளியே நின்று பார்த்தால் ஒரே வெளிச்சப் பிழம்பாகத்தான் தெரிகிறது. அதே விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்து அணைந்தால், ஒவ்வொரு வெளிச்சத்தின் நடுவையும் குறித்துக்கொண்டே வந்து கடைசியில் கோபுரத்தின் வடிவத்தையே வரைந்துவிடலாம். தனித்தனி மூலக்கூறுகளை வைத்துச் செய்யும் மீநுண் படமெடுப்பு எல்லாவற்றுக்கும் இதுதான் அடிப்படை. எரிக் பெட்சிக், ஸ்டெஃபான் ஹெல், வில்லியம் மோர்னர் ஆகியோருக்கு 2014-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது இந்த எல்லையைக் கடந்ததற்காகவே. ஹெல்லின் வழி மட்டும் சற்று வேறு.

தனியாக ஒளிரும் ஒரு மூலக்கூறின் நடுவை எவ்வளவு துல்லியமாகக் கணிக்கலாம் என்பது, அதிலிருந்து எத்தனை ஃபோட்டான்கள் கேமராவுக்கு வந்தன என்பதைப் பொறுத்தது. திட்டின் பரவலை ஃபோட்டான் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்தால் தோராயமான பிழை கிடைக்கும். பரவல் 120 நானோமீட்டர், ஃபோட்டான்கள் 1000 என்றால் பிழை 4 நானோமீட்டருக்கும் குறைவு. பின்னணி ஒளியும் கேமராவின் இரைச்சலும் சேர்ந்து இதைக் கெடுக்கும். அப்படியும் 10 முதல் 20 நானோமீட்டருக்குள் நிறுத்திவிடலாம்.

ஆக, ஒரு புள்ளியின் இடத்தைக் குறிப்பது இன்று பெரிய சவாலாக இல்லை. போதுமான புள்ளிகள் கிடைக்கிறதா என்பதில்தான் பெரும்பாலான படங்கள் தோற்கின்றன. 20 நானோமீட்டர் நுணுக்கத்தில் ஓர் இழையைக் காட்ட வேண்டுமானால், 10 நானோமீட்டருக்கு ஒன்றாவது குறிக்கப்பட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் ஒவ்வொரு புள்ளியும் துல்லியமாக இருக்கும், இழை மட்டும் துண்டு துண்டாக, மணி அறுந்து சிதறியதுபோல் தெரியும். இதழ்களில் வரும் படங்களைப் பார்க்கும்போது “எத்தனை நானோமீட்டர் துல்லியம்” என்று கேட்பவர்கள் நிறையப் பேர். “எவ்வளவு அடர்த்தியாகக் குறித்தீர்கள்” என்று கேட்பவர்கள் குறைவு. என்னைக் கேட்டால் இரண்டாவது கேள்விதான் முக்கியம்.

ஆன்டிபாடி இந்த இடத்தில்தான் திணறுகிறது. ஆக்டின் இழையில் ஏறக்குறைய 2.75 நானோமீட்டருக்கு ஒரு துணை அலகு வீதம் அடுக்கப்பட்டிருக்கிறது. ஆன்டிபாடியோ 150 கிலோடால்டன் எடையும் 10 நானோமீட்டருக்கு மேல் அகலமும் கொண்டது. ஒன்று வந்து உட்கார்ந்தால் பக்கத்திலுள்ள பல அலகுகளை மறைத்துவிடும். முதல் ஆன்டிபாடியின் மேல் ஒளிரும் சாயம் தாங்கிய இரண்டாவது ஆன்டிபாடியையும் ஏற்றினால், சாயம் இருக்கும் இடத்துக்கும் நாம் பார்க்க விரும்பும் புரதத்துக்கும் நடுவே 15, 20 நானோமீட்டர் இடைவெளி விழுந்துவிடும். 5 நானோமீட்டர் துல்லியத்தில் இடத்தைக் கணித்து என்ன பயன்? நாம் கணித்தது சாயத்தின் இடத்தையே.

ஃபலாய்டின் கதை வேறு, அதைக் குறைத்துச் சொல்லக்கூடாது. அதுவும் ஒரு பெப்டைடுதான்: நச்சுக் காளானிலிருந்து கிடைக்கும், 7 அமினோ அமிலங்கள் கொண்ட வளையம். சிறியது, ஆக்டினை இறுகப் பிடிக்கும், அடர்த்தியாக உட்காரும். நரம்பு செல்லின் ஆக்சானுக்குள் 180 முதல் 190 நானோமீட்டர் இடைவெளியில் ஆக்டின் வளையங்கள் வரிசையாக இருப்பதை ஷியாவ்வெய் ஜுவாங்கின் குழு 2013-இல் கண்டது சாயம் கட்டிய ஃபலாய்டினை வைத்துத்தான். ஆனாலும் இறுகப் பிடிக்கும் எல்லாவற்றுக்கும் உள்ள குறை அதற்கும் உண்டு. ஓரிடத்தில் ஒட்டியிருக்கும் சாயம் லேசர் ஒளியில் சில முறை மினுங்கும், பிறகு வெளுத்துப்போகும். அதற்குப் பின் அந்த இடத்தைப் பற்றி எந்தத் தகவலும் வராது. எந்தச் சாயம் எத்தனை முறை மினுங்கும் என்பதும் நம் கையில் இல்லை.

கழன்றுவிடும் பெப்டைடு இதை மாற்றுகிறது. வெளுத்துப்போன மூலக்கூறு தானாகவே விலகிப் போய்விடும், அந்த இடத்துக்குப் புதியது வரும். 1 நானோமோலார் செறிவுள்ள கரைசல் 1 மில்லிலிட்டரில் ஏறத்தாழ 60,000 கோடி மூலக்கூறுகள் இருக்கின்றன. எவ்வளவு நேரம் படமெடுத்தாலும் அவை தீரா.

இப்போது நான் சொன்ன கணக்கு. ஒரு பெப்டைடின் பிரிகை மாறிலி (எந்தச் செறிவில் பாதி இடங்கள் நிரம்பும் என்று சொல்லும் எண்; அது கூடக்கூடப் பிடிப்பு பலவீனம்) 1 மைக்ரோமோலார் என்று வைத்துக்கொள்வோம். மருந்து தேடுபவர்கள் இந்த எண்ணைப் பார்த்தால் முகம் சுளிப்பார்கள், அவ்வளவு பலவீனம். பிணையும் வேகம் ஒரு மோலாருக்கு நொடிக்கு 1 கோடி என்றால், பிரியும் வேகம் நொடிக்கு 10. அதாவது ஒட்டிய பெப்டைடு சராசரியாக 100 மில்லிநொடி நிற்கும். கேமரா ஒரு சட்டகத்துக்கு 50 அல்லது 100 மில்லிநொடி திறந்திருக்கும். எனவே ஒட்டிய மூலக்கூறு அசையாமல் ஒரு சட்டகத்திலோ இரண்டிலோ பளிச்சென்று பதிவாகும்.

அதே பெப்டைடை 1 நானோமோலார் செறிவில் விட்டால், ஓரிடத்தில் சராசரியாக 100 நொடிக்கு ஒருமுறை வந்து ஒட்டும். எந்த நேரத்தில் பார்த்தாலும் ஆயிரத்தில் ஓர் இடம்தான் எரிந்துகொண்டிருக்கும். 1 மைக்ரோமீட்டர் நீளமுள்ள ஓர் இழையில் ஏறக்குறைய 360 அலகுகள். ஆக ஒரு கணத்தில் அந்த நீளத்தில் ஒரு புள்ளிகூட எரியாமல் இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். புள்ளிகள் ஒன்றின் மேல் ஒன்று விழாது, நடுவைக் கணிப்பதும் எளிது. அதே சமயம், காத்திருந்தால் எல்லா இடங்களுக்கும் முறை வந்துவிடும். 300 நொடிக்குப் பிறகு இன்னும் தொடப்படாத இடங்கள் 5 சதவீதம்தான், 1000 நொடிக்குப் பிறகு கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. ஒரே நேரத்தில் நெருக்கமாக உட்கார முடியாத பெரிய மூலக்கூறுகளுக்குக் கிடைக்காத அடர்த்தி, அடுத்தடுத்து வந்து போகும் சிறிய மூலக்கூறுகளுக்குக் கிடைத்துவிடுகிறது. இட நெருக்கடியை நேரத்தைக் கொடுத்துத் தீர்க்கிறார்கள்.

கரைசலில் ஒட்டாமல் திரியும் பெப்டைடுகளும் ஒளிராதா என்று நீங்கள் கேட்கலாம். ஒளிரும். ஆனால் 1 நானோமோலாரில் ஒரு கன மைக்ரோமீட்டருக்கு 0.6 மூலக்கூறுதான் இருக்கும். அதுவும் கேமரா திறந்திருக்கும் நேரத்துக்குள் சில மைக்ரோமீட்டர் ஓடிவிடுவதால் புள்ளியாக விழாமல் மெல்லிய புகையாகக் கலைந்துவிடும். முழு அக எதிரொளிப்பு முறையில் கண்ணாடிக்கு மேலே 100, 200 நானோமீட்டர் ஆழத்தை மட்டும் ஒளியூட்டினால் அந்தப் புகையும் பெரும்பகுதி அடங்கும். செறிவை இஷ்டத்துக்கு ஏற்ற முடியாததற்கும் இதுவே காரணம்: ஏற்றினால் படம் விரைவில் நிரம்பும், ஆனால் பின்னணி கூடி ஒவ்வொரு புள்ளியின் துல்லியமும் குறையும்.

இந்தச் சிந்தனை 2006-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஷரனோவ், ஹோக்ஸ்ட்ராசர் ஆகிய இருவரிடமிருந்து வந்தது. ‘பெயின்ட்’ என்று பெயர் வைத்தார்கள். அவர்கள் பயன்படுத்தியது நைல் ரெட் என்னும் சாயம். தண்ணீரில் அது ஏறக்குறைய ஒளிராது, கொழுப்புப் படலத்தில் மோதி நுழையும் கணத்தில் ஒளிரும். அழகான யோசனை, ஆனால் குறிப்பிட்ட ஒரு புரதத்தைத் தேர்ந்து காட்ட அதனால் முடியாது. 2010-இல் ம்யூனிக்கில் ரால்ஃப் யுங்மன், ஃபிரெட்ரிஷ் சிம்மல் முதலானோர் குட்டி டி.என்.ஏ. இழைகளைக் கொண்டு அந்தக் குறையைத் தீர்த்தார்கள். இன்று அதிகம் பயன்படுவது அந்த முறைதான். எத்தனை எழுத்துகள் பொருந்த வேண்டும் என்று மாற்றி ஒட்டும் நேரத்தை விருப்பம்போல் அமைத்துக்கொள்ளலாம். ஆனால் டி.என்.ஏ.வை இலக்குப் புரதத்தில் கொண்டுபோய்க் கட்ட மறுபடியும் ஓர் ஆன்டிபாடியோ வேறொரு பிணைப்பானோ தேவைப்படுகிறது. அடர்த்திச் சிக்கல் அங்கே திரும்பவும் வந்து நிற்கிறது.

பெப்டைடு நேரடியாகவே இலக்கில் ஒட்டும். நடுவில் ஆளே இல்லை. இதற்கு நான் எப்போதும் காட்டும் உதாரணம் லைஃப்ஆக்ட். ரொட்டி ஈஸ்ட்டில் உள்ள ஏபிபி140 என்னும் புரதத்தின் முதல் 17 அமினோ அமிலங்கள் மட்டுமே ஆக்டினைப் பிடிக்கப் போதும் என்று ரோலண்ட் வெட்லிஷ்-சோல்ட்னரின் குழு 2008-இல் காட்டியது. எடை 2 கிலோடால்டன் அளவு, ஆன்டிபாடியின் எடையில் எழுபத்தைந்தில் ஒரு பங்குதான். ஆக்டின் இழையுடன் அதன் பிரிகை மாறிலி சுமார் 2.2 மைக்ரோமோலார். மேலே போட்ட கணக்கின் பக்கத்திலேயே வந்து விழுகிறது பாருங்கள். லைஃப்ஆக்டைக் கண்டுபிடித்தவர்கள் உயிருள்ள செல்லில் ஆக்டினைப் பார்ப்பதற்காகவே அதைத் தேடினார்கள். அதன் பலவீனமான பிடிப்பு பிறகு மீநுண் படத்துக்கு இவ்வளவு பொருத்தமாக அமைந்துவிட்டது.

அதைச் சரியாகப் பயன்படுத்திக்கொண்டது ஜப்பானில் நவோகி வதனபேயின் குழு. செல்லுக்குள் ஆக்டின் மூலக்கூறுகளை ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்து பல ஆண்டுகள் வேலை செய்தவர் அவர். மூலக்கூறுகள் ஒட்டுவதையும் கழல்வதையும் நேரில் பார்த்துப் பழகிய கண். 2015-இல் அவருடைய குழு ‘ஐரிஸ்’ என்ற முறையை வெளியிட்டது. ஆக்டினுக்கு லைஃப்ஆக்ட், செல்லின் வேறு இரண்டு வகைப் புரத இழைகளான நுண்குழல்களுக்கும் இடைநிலை இழைகளுக்கும் அவற்றை இயல்பாகவே பிடிக்கும் புரதங்களிலிருந்து எடுத்த துண்டுகள். ஒரு பெப்டைடைக் கழுவிவிட்டு அடுத்ததை ஊற்றி, ஒரே செல்லில் பல அமைப்புகளை ஒன்றன்பின் ஒன்றாகப் படமெடுத்தார்கள். எல்லாவற்றுக்கும் ஒரே நிறச் சாயத்தைப் பயன்படுத்தலாம் என்பதால், வெவ்வேறு நிறங்கள் லென்சில் வெவ்வேறு விதமாக வளைந்து படங்கள் ஒன்றோடொன்று பொருந்தாமல் போகும் தொல்லையும் இல்லை. இறுகப் பிடிக்கும் சாயங்களில் இதை நினைத்தே பார்க்க முடியாது, கழுவினால் போகாதே.

எல்லாப் புரதத்துக்கும் லைஃப்ஆக்ட் போன்ற ஒன்று தயாராக இல்லை. இந்த முறையின் பெரிய தடை இதுதான். அதனால் 2020-இல் இரண்டு குழுக்கள் வேறு வழியில் போயின. யுங்மன் குழு, ஒன்றையொன்று சுற்றிக்கொள்ளும் இரண்டு குட்டிச் சுருள் பெப்டைடுகளை எடுத்து ஒன்றை இலக்கிலும் மற்றொன்றைச் சாயத்திலும் கட்டியது. எடின்பரோவில் லின் ரீகன், மேத்யூ ஹாராக்ஸ் ஆகியோர் அதை உயிருள்ள ஈஸ்ட் செல்லுக்குள்ளேயே செய்தார்கள்: இலக்குப் புரதத்தில் ஒரு சிறிய பெப்டைடு, அதைப் பலவீனமாகப் பிடிக்கும் இணையுடன் ஒளிரும் புரதம். இரண்டையும் செல்லே தயாரித்துக்கொள்ளும். ஒளிரும் புரதம் 27 கிலோடால்டன் எடை கொண்டது. அதை நேரடியாகத் தன்மேல் சுமக்க முடியாமல் வேலை கெட்டுப்போகும் புரதங்கள் பல. அவற்றுக்கு இந்த வழி உண்மையிலேயே உதவும். ஆன்டிபாடியிலேயே விரைவில் கழல்பவற்றைத் தேடிப் பிடிக்கும் வேலையையும் வதனபே குழு செய்திருக்கிறது. வழக்கமாகக் குப்பையில் போடும் ஆன்டிபாடிகள் அவை.

இனி எச்சரிக்கை. லைஃப்ஆக்ட் ஒட்டிய இடமெல்லாம் ஆக்டின்தான், ஆனால் ஆக்டின் உள்ள இடமெல்லாம் லைஃப்ஆக்ட் ஒட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். 2020-இல் வெளிவந்த கிரையோ எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்கள் அது அடுத்தடுத்த இரண்டு அலகுகள் சேரும் இடத்திலுள்ள, தண்ணீரை வெறுக்கும் ஒரு பள்ளத்தில் உட்காருவதைக் காட்டின. கோஃபிலின், மயோசின் ஆகிய புரதங்கள் பிடிக்கும் இடமும் அதன்மேல்தான் விழுகிறது. கோஃபிலின் மூடிய இழைகள் லைஃப்ஆக்டுக்குத் தெரிவதில்லை. படத்தில் வெற்றிடமாக இருக்கும் பகுதியில் இழை இல்லை என்று எழுதுவதற்கு முன் இதை நினைத்துக்கொள்ள வேண்டும். இன்னொன்று: இழையாகச் சேராத தனி ஆக்டினை லைஃப்ஆக்ட் இன்னும் இறுக்கமாகவே பிடிக்கும், பிரிகை மாறிலி 70 நானோமோலார் அளவு. உயிருள்ள செல்லில் இது பின்னணியைக் கூட்டும். வேதிப்பொருளால் இறுக்கி நிலைப்படுத்திய, உயிரற்ற செல்லில் சவ்வைத் துளைத்துக் கழுவும்போது தனி ஆக்டின் பெரும்பாலும் வெளியேறிவிடும். அதனால் முதல் முயற்சிக்கு நிலைப்படுத்திய செல்லைத்தான் பரிந்துரைப்பேன்.

உங்கள் ஆய்வகத்தில் முடியுமா என்ற கேள்விக்கு வருகிறேன். லேசரும், முழு அக எதிரொளிப்புக்கு ஏற்ற 1.49 போன்ற உயர் துளை எண் (லென்சு ஒளியைத் திரட்டும் திறனின் அளவு) கொண்ட எண்ணெய் லென்சும், ஒற்றை மூலக்கூறைப் பார்க்கக்கூடிய கேமராவும் இருந்தால் முடியும். பாதரச விளக்கு வைத்த வகுப்பறை ஒளிர்வு நுண்ணோக்கியில் முடியாது. பெரிய ஆய்வு நிறுவனங்களின் பொதுப் பயன்பாட்டு நுண்ணோக்கி மையங்களில் நேரம் கேட்டு வாங்குவது நல்ல வழி. மற்றவை கைக்கு எட்டுபவைதான். 17 அமினோ அமிலப் பெப்டைடைச் சாயம் கட்டியே தயாரித்துத் தரும் நிறுவனங்கள் உண்டு. கணினி வேலைக்கு ‘பிக்காசோ’, ‘தண்டர்ஸ்டார்ம்’ ஆகிய இலவச மென்பொருள்கள் போதும். மரபணு மாற்றம் எதுவும் தேவையில்லை.

சாயத்தைத் தேர்வதில் கவனம் வேண்டும். அட்டோ 647என் மிகப் பிரகாசமானது, ஆனால் சவ்விலும் கண்ணாடியிலும் தானே போய் ஒட்டிக்கொள்ளும். 17 அமினோ அமிலம் உள்ள பெப்டைடில் சாயத்தின் குணம் பெப்டைடின் குணத்தையே அமுக்கிவிடலாம். தண்ணீரில் நன்றாகக் கரையும் சாயமாகப் பாருங்கள். செல்லை நிலைப்படுத்த மெத்தனால் வேண்டாம், ஆக்டின் இழைகளின் வடிவம் குலைந்துவிடும். குளூட்டரால்டிஹைடு இழைகளை நன்றாகக் காக்கும், ஆனால் தானே ஒளிரும். சோடியம் போரோஹைட்ரைடில் நனைத்து அதைத் தணிக்க வேண்டும்.

செறிவு விஷயத்தில் ஒரே எண்ணை எல்லாச் செல்லுக்கும் வைக்காதீர்கள். மேலே சொன்ன 1 நானோமோலார் ஒற்றை இழைக்குச் சரி. இழுவிசை தாங்கும் தடித்த கற்றையில் குறுக்காக 20 இழைகள் இருந்தால், 1 மைக்ரோமீட்டர் நீளத்தில் 7,000-க்கும் மேற்பட்ட இடங்கள். ஒரே கணத்தில் 7 புள்ளிகள் எரிந்து ஒன்றோடொன்று கலந்துவிடும். மென்பொருள் இரண்டு புள்ளிகளை ஒன்றாக எண்ணி நடுவில் இல்லாத ஓர் இழையை வரையும். அங்கே செறிவைப் பத்தில் ஒன்றாகக் குறைத்து, அதற்கேற்பக் கூடுதல் நேரம் எடுக்க வேண்டும். 50 மில்லிநொடி வீதம் 50,000 சட்டகங்கள் என்றாலே 42 நிமிடம். அந்த நேரத்துக்குள் அறையின் ஏசி ஓடி நிற்பதிலேயே நுண்ணோக்கியின் மேடை நூற்றுக்கணக்கான நானோமீட்டர் நகர்ந்துவிடும். கண்ணாடியில் தங்க நானோ துகள்களை ஒட்டி வைத்து, அவற்றின் நகர்வைக் கழித்தால்தான் படம் நிற்கும்.

முதல் நாளே செல்லைப் படமெடுக்க ஓடாதீர்கள். செல் இல்லாத வெறும் கண்ணாடியில் பெப்டைடை ஊற்றி எத்தனை புள்ளிகள் விழுகின்றன என்று எண்ணுங்கள். பிறகு ஆக்டினைப் பிடிக்க முடியாதபடி அமினோ அமிலம் மாற்றிய பெப்டைடை அதே சாயத்துடன் செல்லில் விடுங்கள், அப்போதும் படத்தில் இழைகள் தெரிந்தால் அவை பொய்யானவை. கடைசியாக, சரியான பெப்டைடு ஒவ்வொரு முறையும் எத்தனை மில்லிநொடி ஒட்டி நின்றது என்று வரைபடம் போடுங்கள். ஒற்றை அடுக்குக்குறிச் சரிவாக இறங்கினால் ஒரே வகைப் பிணைப்பு. நீண்ட வால் தெரிந்தால், எங்கோ சாயம் பிசினாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தப் புள்ளிகளை நீக்கிவிட்டு மீதியை வைத்துப் படம் கட்டுங்கள்.